கம்பஸ், கணக்கு, காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு வரும் கடிதங்களில் வணிகம், முகாமைத்துவம், பொருளியல் பற்றிய கேள்விகள்தான் கூட. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சில கடிதங்கள் நீளமாக இருந்ததால் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: வணிகப் பிரிவில் படித்தேன். பொருளியலுக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் பி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் எனக்கு விருப்பம் பொருளியல். அது கலைப்பீடத்தில் இருப்பதால் வீட்டில் "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்" என்று கேட்கிறார்கள். எதைப் போட? (மாணவி, சுன்னாகம்)

பிள்ளை, வீட்டுக்காரர் சொல்வதை முதலில் எடுப்போம், ஏனென்றால் அவர்கள் பயப்படுவதற்கு காரணம் இருக்கிறது. பட்டம் முடித்துவிட்டு அரச நியமனம் வரும் வரும் என்று வருடக்கணக்காக வீட்டில் இருந்த பிள்ளைகளை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2017இல் வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்ததையும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிரச்சினைக்குப் பீடத்தின் பெயர் காரணமில்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம், புள்ளிவிபரவியல் தெரியாது, கணினியில் ஒரு அட்டவணை போடத் தெரியாது, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் தெரியாது, இந்த நாலும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் பட்டதாரி மாட்டிக்கொள்கிறார், அவர் கலைப்பீடமாக இருந்தாலும் சரி முகாமைத்துவமாக இருந்தாலும் சரி.

திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவுதான் 1974இல் யாழ்ப்பாண வளாகமாகி, 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கலைப்பீடமும் முகாமைத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கின்றன. நீங்கள் யோசிக்க வேண்டியது, நாலு வருடமும் நாளாந்தம் எந்த வேலையைச் செய்துகொண்டு இருக்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

முகாமைத்துவத்தில் ஒரு நிறுவனத்துக்குள் நின்று பார்ப்பீர்கள். கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று போகும். இந்த நிறுவனத்தின் காசு எங்கே முடங்கிக் கிடக்கிறது, கடனை எடுக்கலாமா, ஆளை எடுக்கலாமா, விலையை எவ்வளவு வைக்கலாம் என்ற கேள்விகள். பொருளியலில் நிறுவனத்துக்கு வெளியே வந்து நிற்பீர்கள். உதாரணத்துக்குக் கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற திருநெல்வேலிச் சந்தையையே எடுங்கள். ஒரு போகத்தில் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போகிறது, அதைப் பார்த்து வலிகாமத்தில் எல்லோரும் அடுத்த போகத்துக்கு வெங்காயமே நடுகிறார்கள், அறுவடை ஒரே நேரத்தில் வந்து விழுகிறது, விலை கூலிக்கும் காணாமல் இறங்குகிறது, அதற்கடுத்த முறை பாதிப்பேர் நடுவதில்லை, விலை திரும்ப ஏறுகிறது. இதற்குள் கொழும்பில் பெரிய வெங்காயத்துக்கான இறக்குமதி வரியை மாற்றுகிறார்கள், அல்லது 2023 மார்கழியில் நடந்தது போல இந்தியா ஏற்றுமதியை நிறுத்துகிறது, அந்த அடியும் இங்கே வந்து சேருகிறது. இதைக் கேட்டவுடன் "அப்ப எத்தனை போகத்து விலையை எடுத்தால் இதை நிரூபிக்கலாம், எங்கே எடுக்கலாம்" என்று உங்களுக்குள் ஒரு அரிப்பு வந்தால் நீங்கள் பொருளியல்காரிதான், தயங்காமல் போடுங்கள். "சரி, இந்த விவசாயி எப்படி நட்டப்படாமல் தப்பலாம், களஞ்சியம் போடலாமா, யாருக்கு முன்கூட்டியே விற்கலாம்" என்று யோசனை போனால் உங்களுக்கு முகாமைத்துவம் நன்றாக ஒத்துவரும். ரியூஷன் நோட்ஸை மனப்பாடம் பண்ணி ஏ எடுத்ததையே விருப்பம் என்று எண்ணுகிறீர்கள் என்றால், அதை இப்போதே உங்களுக்குள் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் பல்கலைக்கழகப் பொருளியலில் இரண்டாம் வருடத்திலிருந்து கணிதமும் புள்ளிவிபரவியலும் கழுத்தைப் பிடிக்கும்.

பொருளியலை எடுத்தால் சிறப்புப் பட்டம் எடுங்கள். மூன்று வருடப் பட்டம் 90 திறமைப்புள்ளி (கிரெடிட்), இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். நாலு வருடச் சிறப்புப் பட்டம் 120 திறமைப்புள்ளி, 6ஆம் மட்டம். மேற்படிப்புக்குப் போகும்போதும் நல்ல வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த வித்தியாசம் நேரே தெரியும். கலைப்பீடத்தில் முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள், ஆகையால் முதலாம் வருடத்தை "பழகிற வருடம்" என்று விட்டுவிடாதீர்கள்.

வேலை என்று வந்தால், பொருளியல்காரருக்கு இலங்கைத் திட்டமிடல் சேவை, மத்திய வங்கி, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், ஆசிரியத் தொழில் என்று வழிகள் இருக்கின்றன. முகாமைத்துவக்காரருக்குக் கணக்காளர் சேவை, வங்கி, காப்புறுதி, தனியார் கம்பனிகள். நிர்வாக சேவைப் பரீட்சை இரண்டு பேருக்கும் பொது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில், அதாவது 2021 ஆவணி வரைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த இடத்தில், வியாபாரக் கற்கைகள் பீடத்தில் வியாபாரப் பொருளியல் படிக்கலாம். கொழும்புப் பக்கம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்திலும் வியாபாரப் பொருளியல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை இந்த வருடத்துக்குரியதாக எடுத்து வரிவரியாக வாசியுங்கள். விருப்ப ஒழுங்கை உண்மையான விருப்பப்படியே போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே போட்டதுக்கான வாய்ப்புக் குறைந்துவிடும் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது, அது சரியில்லை, உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்தி எடுக்கும் இசட் புள்ளி வரிசைதான் முதலில் பேசும்.

கேள்வி: கொடிகாமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகன் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் மூன்றாம் வருடம். இதுவரைக்கும் கடைக்கு ஒரு யோசனை சொன்னது கிடையாது. இந்தப் படிப்பால் எங்களைப் போன்ற சின்ன வியாபாரிக்கு உண்மையில் ஏதும் பிரயோசனம் உண்டா ஐயா?

நிறையவே உண்டு ஐயா. மகன் சொல்லாததற்குக் காரணம், அவருக்குப் பாடத்தில் வருகிற உதாரணமெல்லாம் பெரிய கம்பனியாக இருப்பதுதான். உங்கள் கடன் கொப்பியை எடுத்து அவரிடம் கொடுங்கள். அதிலிருந்தே தொடங்கலாம்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். சொல்லுவோம், தை மாதம் ஒருவர் 5,000 ரூபாவுக்குச் சாமானைக் கொப்பியில் எழுதிவிட்டு எடுத்துப் போனார். புரட்டாதியில் வந்து அந்த 5,000ஐயும் சதம் பிசகாமல் கட்டினார். நீங்களும் கோடு போட்டு வெட்டிவிட்டீர்கள். கொப்பியில் கணக்கு நேர், நல்ல மனிசன், ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் காசோடு மொத்தக் கடைக்குப் போனால் தை மாதம் கொடுத்த அதே பருப்பையும் சீனியையும் மாவையும் திரும்ப வாங்க முடியவில்லை. அந்தப் புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். லாபம் வைத்து விற்றும் கடைக்குள் சாமான் குறைந்துகொண்டே போனது ஏன் என்று அந்த நேரம் எத்தனையோ கடைக்காரர் விளங்காமல் நின்றார்கள். உங்கள் தொழிற்படு மூலதனத்தை, அதாவது கடையை ஓட்ட வைத்திருக்கும் காசையும் சாமானையும், விலையேற்றம் அரித்துக்கொண்டு போனது, அதுதான் நடந்தது. இதை முதலாம் வருடக் கணக்கியலும் நிதி முகாமைத்துவமும் படித்த பிள்ளை கொப்பியைப் பார்த்தவுடன் சொல்ல வேண்டும்.

மகனை ஒரு விடுமுறைக்குக் கடையில் இருத்துங்கள். மூன்று வேலை கொடுங்கள். கடன் கொப்பியை ஆள் வாரியாகப் பிரித்து, யார் எத்தனை நாளில் கட்டுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இழுப்பவர்களுக்கு இன்ன தொகைக்கு மேல் இல்லை என்று ஒரு எல்லை வைக்கலாம். அப்புறம், விற்கிற விலையை வாங்கின விலையில் இருந்து போடாமல், திரும்ப வாங்கும்போது என்ன விலையோ அதிலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் கஷ்டமானது. கடை லாச்சிக்குள் இருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கிற காசை, நூறு ரூபாவாக இருந்தாலும், தனி நிரலில் எழுதுங்கள். எங்கள் பக்கத்துக் கடைகள் பல படுத்துப்போனதுக்கு வியாபாரம் குறைந்தது காரணமில்லை, வீட்டுக் காசும் கடைக் காசும் கலந்ததுதான் காரணம். கலியாணம், கோயில் திருவிழா, பிள்ளையின் ரியூஷன் என்று எல்லாம் அதே லாச்சிக்குள் இருந்து போகும், வருட முடிவில் கடை நட்டம் என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நாலாம் வருடத்தில் அவர் ஒரு ஆய்வு எழுத வேண்டி வரும். பெரும்பாலான பிள்ளைகள் முந்தைய ஆண்டு ஆய்வுகளைப் பார்த்து "வாடிக்கையாளர் திருப்தி" என்று ஏதாவது ஒரு தலைப்பை எடுத்து, நண்பர்களிடம் வினாக்கொத்தை நிரப்பி வாங்கி முடித்துவிடுகிறார்கள். தென்மராட்சிச் சில்லறைக் கடைகளில் கடன் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று அவர் எழுதினால், அதை எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வேறு யாருக்கும் காட்டாத கொப்பியை உங்கள் மகனுக்குக் காட்டுவார்கள். விரிவுரையாளரிடம் இப்போதே கதைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலணையில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஜயவர்தனபுரவில் முகாமைத்துவம் வந்திருக்கிறது. பெட்டைப் பிள்ளையைத் தனியே கொழும்புப் பக்கம் அனுப்ப மனமில்லை. இந்த முறை விட்டுவிட்டு, அடுத்த முறை திரும்ப எழுதி யாழ்ப்பாணத்துக்கே எடுக்கலாமா?

அனுப்புங்கள். ஜயவர்தனபுரவின் முகாமைத்துவ பீடம் நாட்டிலேயே பெயர் பெற்ற ஒன்று, கொழும்புக் கம்பனிகளும் வங்கிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் உள்ளகப் பயிற்சிக்கு இடம் எடுப்பதும் சுலபம். அடுத்த முறை இதே புள்ளி வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் மாறும். ஒரு வருடத்தைப் பயத்துக்காகக் கொடுத்தால், அந்த ஒரு வருடச் சம்பளமும் அவருக்கு வாழ்க்கையில் இல்லாமல் போகிறது. ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பித்து வேறு இடம் எடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் கவலை காசா, பாதுகாப்பா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. காசு என்றால், அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கு அல்லது உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருமானத்தைக் காட்டும் பத்திரங்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரத்தோடு எடுத்து வையுங்கள். அந்தக் காசு ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் முழுதாகக் காணாது, மிச்சத்துக்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். பாதுகாப்பு என்றால், முதல் நாளே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். தூர இடத்துப் பிள்ளை என்பதால் கேட்டுப் பெற நியாயம் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள், படித்த பாடசாலையின் பழைய மாணவர்களிடம் விசாரித்தால் ஒருநாளில் தொடர்பு கிடைக்கும். கூடவே போய் இரண்டு நாள் நின்று இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

சிங்களம் தெரியாதே என்று எழுதியிருந்தீர்கள். விரிவுரை ஆங்கிலத்தில்தான். சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் பழகிவிடும், நாலு வருடம் முடிய மூன்று மொழியோடு வருவார். அது அவருக்கு எந்த வேலையிலும் கைகொடுக்கும்.

கேள்வி: முகாமைத்துவ பீடத்தில் முதலாம் வருடம். விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரத்தில் எல்லாம் தமிழில் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை, விட்டுவிட்டு வந்துவிடலாம் போல இருக்கிறது. (கோப்பாய்)

வராதீர்கள் தம்பி. தமிழில் படித்துவிட்டு வந்த எல்லோருக்கும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் இருக்கும், வாய் திறந்து சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதை முதலில் நம்புங்கள். ஐந்தொகை, தேய்மானம், கேள்வி நெகிழ்ச்சி, அமையச் செலவு எல்லாம் உங்களுக்குத் தமிழில் தண்ணிப்பட்ட பாடு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் விரிவுரையில் வரும் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு பாடத்துக்கு முக்கியமான சொற்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்தது, மத்திய வங்கியின் வெளியீடுகள். நாணயக் கொள்கை பற்றிய அறிவித்தலும் வருடாந்தப் பொருளாதார மீளாய்வும் மூன்று மொழியிலும் வருகின்றன, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். தமிழ்ப் பக்கத்தை ஒரு பந்தி வாசியுங்கள், அதே பந்தியை ஆங்கிலத்தில் வாசியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். உதாரணத்துக்கு 2022 பங்குனியில் ரூபாவைத் தளர விட்டது பற்றி வாசியுங்கள். அதுவரை டொலரை 200 ரூபா அளவில் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள், வெளியே உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள், எங்கள் வீடுகளுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த காசு வங்கியை விட்டு அந்த வழியால் போனது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல் 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன் என்று விழுந்ததுக்கு அது பெரிய காரணம். நீங்கள் வீட்டிலேயே பார்த்த கதை இது. கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஆங்கில வசனம் தானாகப் பிடிபடும். தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் வாசிப்பதுதான் ஆளை முறிக்கும்.

விரிவுரையில் முன்வரிசையில் இருங்கள். விளங்காவிட்டால் முடிந்தவுடன் போய்த் தமிழிலேயே கேளுங்கள், எங்கள் விரிவுரையாளர்களில் அதிகம்பேர் உங்களைப் போலத் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

கேள்வி: பட்டத்தோடு சேர்த்து ஏ.ஏ.ரி., சி.ஏ., சி.ஐ.எம்.ஏ. ஏதும் செய்யலாமா? எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யச் சொல்கிறார்கள். (பருத்தித்துறை)

எல்லாவற்றையும் வேண்டாம். மூன்றும் பட்டத்துக்கு வெளியே எடுக்கும் கணக்கியல் தொழில்முறைத் தகைமைகள், அதில் ஏ.ஏ.ரி. ஆரம்ப மட்டம். கணக்கியல் பக்கம் போவதாக முடிவெடுத்திருந்தால் சி.ஏ. நல்லது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959இல் சட்டத்தால் உருவானது, இங்கே கணக்காய்வுக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமென்றால் பிரதான வழி அதுதான். பரீட்சை மட்டும் போதாது, மூன்று வருடச் செயல்முறைப் பயிற்சியும் வேண்டும், அதையும் கணக்கில் எடுத்துத் திட்டமிடுங்கள். உங்கள் பட்டத்துக்கு எந்தெந்தப் பாடத்தில் விலக்குக் கிடைக்கும் என்று நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள், வகுப்பு நடத்துபவர் சொல்வதை நம்பிக் காசு கட்டாதீர்கள். உயர்தரத்துக்கும் கம்பஸுக்கும் இடையில் காத்திருக்கும் காலத்தில் ஏ.ஏ.ரி. செய்வது நல்ல யோசனை. பிரித்தானியக் கணக்கியல் தகைமைகளான சி.ஐ.எம்.ஏ., ஏ.சி.சி.ஏ. இரண்டுக்கும் கட்டணம் பவுணில், ரூபா விழுந்த பிறகு அது வீட்டுக்குப் பெரிய பாரம். வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் பாருங்கள். சந்தைப்படுத்தல், மனிதவளம் எடுப்பவருக்கு இவை ஒன்றும் தேவையில்லை.

கேள்வி: முதலாம் வருடத்தில் சீனியர்மார் செய்யும் பகிடிவதையைப் பொறுத்துத்தான் போக வேண்டுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பொறுக்க வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் போகும். திகதி, நேரம், இடம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடுங்கள், கேட்காவிட்டால் பீடாதிபதி, அதற்கு மேல் மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு வழி, பொலிஸ். வீட்டிலும் இன்றைக்கே சொல்லுங்கள், தனியே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். கேட்டுக்கொண்டபடி உங்கள் கடிதத்தை அழித்துவிட்டேன்.

கேள்வி: மூன்றாம் தடவையும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. இனி எனக்குப் பல்கலைக்கழகமே இல்லையா? (காரைநகர்)

இருக்கிறது. யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, அதுவும் அரச நிறுவனம்தான், அங்கே படித்தவர்களை வங்கிகளிலும் கணக்காய்வு அலுவலகங்களிலும் நிறையப் பார்க்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் முகாமைத்துவக் கற்கை பற்றி விசாரியுங்கள், கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டு படிக்கலாம். வெளிவாரிப் பட்டமும் ஒரு வழி, அதற்குக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும், யாரும் வந்து எழுப்பிப் படிக்க வைக்க மாட்டார்கள். மூன்றில் எதை எடுத்தாலும் விண்ணப்ப முடிவுத் திகதி முந்திக்கொண்டு வரும், இந்தக் கிழமையே நேரில் போய்க் கேளுங்கள். பெறுபேற்றுத் தாளின் பிரதியையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டு போங்கள், காரைநகரில் இருந்து இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டி வராது.